சிம்லாவுக்கு மடித்து வைத்த சேலைகள்

அருகன் துணை

திருவண்ணாமலை
19-7-1981

அன்பு மகள் பிராமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். டெல்லியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சுந்தரியும், இப்போது உன் வயிற்றில் வந்திருக்கிற இன்னொன்றும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. வந்த அன்றைக்கே பதில் எழுதி மறுநாள் காலைத் தபாலில் சேர்க்கிறவள் நான், அதனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறாய், வாசித்தவுடன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். சுந்தரிக்கு இருந்த மாதிரியே காலையில் வாந்தி இருந்தால் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, இரண்டு வாய் பொரி மென்றுவிட்டு அப்புறம் எழுந்திரு. தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. இங்கே ஆடி பிறந்து காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது, கொடியில் துணி நிற்பதில்லை, மலை உச்சியில் மேகம் வந்து உட்காருகிறதே தவிர மழையைக் காணோம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், அவர் ஊறுகாயை விடமாட்டேன் என்கிறார். எதிர்வீட்டு ஜோதியம்மாள் மூத்த மகனுக்குப் போளூரில் பெண் பார்த்துவிட்டு வந்தாள், பெண் டைப்ரைட்டிங் பாஸ் செய்திருக்கிறதாம். இப்படி ஊர்ச் செய்தியாக எழுதிக்கொண்டே போனால் எனக்கும் சுலபமாக இருக்கும், உனக்கும் சுலபமாக இருக்கும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கு இல்லை. இதற்கு மேல் இருப்பதை, சுந்தரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு இடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதத்தில் நான் டெல்லிக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் ஆபீசர் வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டார்கள் என்று என்னையும் அழைத்துப் போனாயே, நினைவிருக்கிறதா. நான் சேலைக்கு மேல் அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அவருடைய சாக்ஸையே மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்தேன். ஆபீசரின் மனைவி என் காலைப் பார்த்தாள், அப்புறம் உன்னைப் பார்த்தாள். உன் முகம் சிவந்தது. அதை நான் கவனித்தேன். அதனால்தான் இந்த வருஷம் பிப்ரவரியில், மே மாதம் பதினெட்டாம் தேதி முதல் பத்து நாள் எல்லாரும் சிம்லா போகிறோம், நீயும் அப்பாவும் கட்டாயம் வரவேண்டும் என்று எழுதி, என்னென்ன உடுப்பு எடுத்துவர வேண்டும் என்று தனியாக ஒரு தாளில் எழுதி அனுப்பினாயே, அதைப் பார்த்து எனக்குக் கோபமே வரவில்லை. என் மகள் என்னைக் கூட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் நடக்க ஆசைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்பா அந்தத் தாளை உரக்கப் படித்துவிட்டு உன் மகள் உனக்குப் பாடத்திட்டம் அனுப்பியிருக்கிறாள் என்று சிரித்தார். மூன்றே சேலை, இரண்டே ரவிக்கை, ஒரு ஸ்வெட்டர், ஒரு சால்வை. எந்தச் சேலைக்கும் எந்த ரவிக்கையும் ஒத்துப்போக வேண்டும், எல்லாவற்றுக்கும் ஸ்வெட்டர் ஒத்துப்போக வேண்டும், துவைத்துப் போட்டால் இஸ்திரி இல்லாமல் கட்டிக்கொள்கிற துணியாக இருக்க வேண்டும், டிரங்குப் பெட்டி கூடாது, மஞ்சள் பை கூடவே கூடாது. இத்தனை கம்மியாக எடுத்துக்கொண்டு பத்து நாளும் வேறு வேறு மாதிரி உடுத்தலாம் என்று நீ போட்ட கணக்கைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தத் தாளில் இருந்ததில் ஒன்றைக்கூட நான் விடவில்லை பிராமி. கடலைக்கடை மூலையில் உள்ள ஜவுளிக்கடையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கருநீலத்தில் பொடி வெள்ளைப் பூப் போட்ட நைலெக்ஸ் ஒன்று, சாம்பல் நிறத்தில் வாயில் சேலை ஒன்று, சந்தன நிறத்தில் அரக்குக் கரை வைத்தது ஒன்று எடுத்தேன். கடைக்காரர் பட்டுச்சேலையை எடுத்து விரித்தார், புழுவைக் கொல்வதால் நான் பட்டு கட்டுவதை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது என்று சொல்லி மடிக்கச் சொன்னேன். டெய்லர் மொய்னுதீன் பாயிடம் நீ பத்திரிகையிலிருந்து கத்தரித்து அனுப்பிய படத்தைக் கொடுத்து, இந்தக் கழுத்தும் முழங்கை வரைக்கும் கையும் வைத்து வெள்ளையில் ஒன்று, அரக்கில் ஒன்று தைக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காலேஜ் பெண்கள்தான் இப்படித் தைக்கக் கேட்பார்கள், ஆனால் உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கும் என்றார். அளவு எடுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் புது மாதிரி ரவிக்கை போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றபோது, சொன்னால் சிரிப்பாய், கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஸ்வெட்டரை நம் பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசா பின்னிக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் வேலையில் இருந்தபோது கற்றுக்கொண்டது, இந்த ஊரில் யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள், பத்து வருஷமாக ஊசியைத் தொடவில்லை. வேலூரிலிருந்து அரக்கு நிறத்தில் கம்பளி நூல் வரவழைத்தோம். சித்திரை வெயில், நம் ஊர் வெயில் எப்படி என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரண்டும் மத்தியானத்தில் நின்றுவிடும். அவள் கிணற்றடியில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் காலை அதில் வைத்துக்கொண்டு மடியில் கம்பளியைப் போட்டுப் பின்னுவாள். "கை வேர்த்தா நூலு பிசுபிசுன்னு ஆயிடும்க்கா, அந்தப் பவுடர் டப்பாவ எடுங்க"னு கேட்டு இரண்டு உள்ளங்கையிலும் பவுடரைத் தட்டிக்கொள்வாள். என் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கும், அத்தனை வருஷம் அந்தப் பக்கம் குடம் சுமந்தது. அது அவள் கண்ணுக்குப் பட்டுவிட்டது, பின்னினதைப் பாதி பிரித்து, வலது தோளுக்கு மட்டும் நாலு வரிசை கூடப் போட்டுப் பின்னினாள். போட்டுப் பார்த்தபோது என் உடம்புக்கென்று வார்த்த மாதிரி உட்கார்ந்தது. உன் தாளில் இருந்தபடி வாங்கிய கான்வாஸ் ஷூ காலைக் கடிக்கக் கூடாதே என்று, தினமும் விடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும் நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்புவேன். மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லாம் வெறுங்காலோடு நடக்க, நான் சேலைக்குக் கீழே வெள்ளை ஷூவோடு போனால் எப்படி இருக்கும். அங்கே வேர்க்கடலை விற்கிற வேடியப்பன் நாலு நாள் பார்த்தான், ஐந்தாம் நாள் என்னாம்மா சாமியைச் சுத்தறதுக்கு பூட்சா என்று கேட்டான். நான் சாமியைச் சுற்றவில்லை, சிம்லா போகப் பழகுகிறேன் என்றேன். அவன் சிம்லா எந்தப் பக்கம் என்று கேட்டான், வடக்கே கையைக் காட்டினேன். அதிலிருந்து நான் போகும்போதெல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று கேட்பான். இப்படித் தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். சூட்கேஸில் எதைக் கீழே வைப்பது, எதை மேலே வைப்பது என்று வாரத்துக்கு ஒருமுறை அடுக்கிப் பார்ப்பேன், மடிப்பு விழாமல் இருக்கச் சேலைக்கு நடுவில் காகிதத்தைச் சுருட்டி வைப்பேன்.

மே மாதம் நாலாம் தேதி உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கொடுக்கவில்லை, இந்த வருஷம் சிம்லா இல்லை, டெல்லி வெயிலில் வந்து நீங்கள் வாட வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். நான் எனக்காக வருத்தப்படவில்லை. உனக்கு எத்தனை ஏமாற்றமாக இருக்கும், சுந்தரி எத்தனை அழும் என்றுதான் நினைத்தேன். உன்னைத் தேற்றி ஒரு கடிதம் எழுதினேன், மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, உத்தியோகம் என்றால் அப்படித்தான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அந்தக் கடிதத்தை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த ஸ்வெட்டரும் சால்வையும் இந்த ஊர் வெயிலில் பூச்சி அரித்து வீணாகிவிடும், டெல்லிக் குளிருக்கு நீயாவது போட்டுக்கொள், அடுத்த வருஷம் நான் வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று, டெல்லியில் வேலைக்குத் திரும்புகிற நம் தெரு மூர்த்தியிடம் மாங்காய்த் தொக்கோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன். அப்பா டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டு வந்து, இந்த வெயிலில் அவ்வளவு தூரம் எதற்கு, விடு என்றார். வழக்கமாக ஒரு காரியம் நின்றுபோனால் நாலு நாள் புலம்புகிற மனுஷர், அன்றைக்கு அத்தனை சீக்கிரம் விடு என்று சொன்னதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூன் இருபத்தாறாம் தேதி மெட்ராஸிலிருந்து உன் மாமியார் மருதேவி அம்மாளின் கடிதம் வந்தது. அந்த அம்மாள் எத்தனை மரியாதையாக எழுதுவார் என்று உனக்குத் தெரியும். "சம்பந்தி அம்மா, உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது, உங்களால் சிம்லாவுக்கு வர முடியவில்லையே என்று பத்து நாளும் பேசிக்கொண்டோம், உங்களுக்கென்று இருந்த இடத்தில் நான் போனது எனக்குக் கூச்சமாகவே இருந்தது. குளிருக்கு நான் ஒன்றும் எடுத்துப் போகவில்லை, நீங்கள் எனக்காக ஸ்வெட்டர் பின்னி அனுப்பியதாக பிராமி கொடுத்தாள், உங்கள் பெரிய மனதுக்கு எப்படி நன்றி சொல்வது" என்று எழுதி, கூட ஒரு போட்டோவும் வைத்திருந்தார். தேவதாரு மரங்களுக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் நிற்கிறீர்கள், இன்னொரு குடும்பமும் நிற்கிறது, சுந்தரி பாட்டியின் கையைப் பிடித்திருக்கிறாள். அப்போது ரஹமத்துன்னிசா முறம் வாங்க வந்திருந்தாள். நான் கடிதத்தை இரண்டாம் தரம் படித்துக்கொண்டிருக்கும்போதே போட்டோவை எடுத்துப் பார்த்தாள். உன் மாமியார் போட்டிருந்த ஸ்வெட்டர் வலது பக்கத்தில் தொளதொள என்று இறங்கித் தொங்கியது. அந்தத் தொங்கலின் மேல் விரலை வைத்தாள். அப்புறம் "இது என் கை வேலக்கா" என்றாள். என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ஒங்க முட்டிக்கு என்னா"னு மெதுவாகக் கேட்டாள். எனக்கு முட்டிவலி கிடையாது. ஒரு மாதம் முழுக்க அடி அண்ணாமலைக்கு நடந்தவள் நான், அது அவளுக்கும் தெரியும். முறத்தை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அன்றைக்கு அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை, உறையின் மேல் இருந்த பெயரைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டேன். "ஏப்ரல் கடைசியிலே ஸ்கூல் விலாசத்துக்கு எழுதினா" என்றார். அந்தக் கடிதத்தைக் கொடுங்கள் என்றேன். "அது ஒனக்கு எழுதினது இல்ல சுனந்தா, வேணாம்" என்றார். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். புத்தக அலமாரியில் பெரிய அகராதிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். நீ என்ன எழுதினாய் என்று உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் மேலதிகாரி குடும்பமும் கூட வருகிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு ஓட்டலில் எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், அம்மா ஐந்தரை மணிக்கே தட்டைத் தேடுவாள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பாள், கிழங்கு போட்டிருக்கிறதா என்று சமையல்காரனைக் கூப்பிட்டு விசாரிப்பாள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, உடுப்பை மாற்றிவிடலாம் அப்பா, அம்மாவை மாற்ற முடியாதே, நீங்கள்தான் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுத் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். அப்பா சொன்னது இது ஒன்றுதான். "எனக்கும்தான் வரவேணாம்னு எழுதியிருக்கா. நான் அத யாருகிட்ட போயி சொல்றது?" அவர் முகத்தைப் பார்த்தால் அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் முப்பத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், நான் ஒவ்வொரு வாரமும் அந்த சூட்கேஸை அடுக்கினதை மோடாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசி வாரம் அடுக்கும்போது எல்லாம் தெரிந்துகொண்டே, சால்வையை மேலே வை, ரயிலிலேயே தேவைப்படும் என்று சொன்னவர். அதை என்னால் விழுங்க முடியவில்லை. பத்து நாள் அவருக்குச் சோறு போட்டேன், துணி எடுத்து வைத்தேன், பேசவில்லை.

பிராமி, ஐந்தரை மணிக்குச் சாப்பிடுவதும் தண்ணீர் வடிகட்டுவதும் நான் சிம்லாவுக்காகப் புதிதாகக் கற்றுக்கொண்டது இல்லை. கல்யாணம் ஆகிற வரைக்கும் நீயும் அந்த நேரத்தில்தான் சாப்பிட்டாய், அந்தத் துணியில் வடிகட்டிய தண்ணீரைத்தான் குடித்தாய். நீ இப்போது எப்போது சாப்பிடுகிறாய், எதைச் சாப்பிடுகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். என்னிடம் நீ ஒரு வரி எழுதியிருந்தால், அம்மா அங்கே ராத்திரி விருந்து இருக்கும், பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தால், நான் அவலும் பொரியும் கட்டிக்கொண்டு வந்து அறையிலேயே சாப்பிட்டுவிட்டு, நீங்கள் திரும்புகிற வரைக்கும் சுந்தரிக்குக் கதை சொல்லித் தூங்க வைத்திருப்பேன். அதுவும் உனக்குக் கூச்சம் என்றால் நானே வரவில்லை என்று எழுதியிருப்பேன், உனக்காக அந்த முட்டிவலியை நானே வரவழைத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சந்தர்ப்பத்தைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை. என்னை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால் அது ஒரு வருத்தத்தோடு போயிருக்கும். நீ என் புருஷனை எனக்குப் பொய் சொல்ல வைத்தாய். பவுடர் தட்டிய கையால் ஒருத்தி எனக்கென்று பின்னியதை, நான் உனக்கென்று அனுப்பியதை, நான் உன் மாமியாருக்குக் கொடுத்ததாகச் சொல்லிக் கொடுத்தாய்.

இந்த மாதம் ஏழாம் தேதி நான் ஒரு காரியம் செய்தேன். ரஹமத்துன்னிசா நோன்பு மாதத்தில் இரண்டு நாள் தன் தங்கை பீபி ஜானோடு இருக்க ஜோலார்பேட்டைக்குக் கிளம்பினாள், நீங்களும் வாங்கக்கா, பக்கத்தில்தான் ஏலகிரி என்றாள். அப்பாவிடம் போகிறேன் என்று சொன்னேன், அவர் தலையாட்டினார். நீ சொன்ன மாதிரியே சூட்கேஸை அடுக்கினேன். கருநீலச் சேலைக்கு வெள்ளை ரவிக்கை, மறுநாள் சாம்பல் சேலைக்கு அரக்கு ரவிக்கை, காலில் அந்த ஷூ. பீபி ஜான் முன்னே பின்னே என்னைப் பார்த்ததில்லை. நான் போய் இறங்கும்போதே பின்கட்டில் எனக்கென்று தனி அடுப்பு மூட்டி, புதுச் சட்டியும் புது வடிகட்டித் துணியும் வைத்திருந்தாள், அக்கா எழுதிப்போட்டிருந்தாளாம், அந்த அடுப்புப் பக்கம் அவர்கள் யாரும் வரவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மூன்று பேரும் மலைக்குப் போனோம். வளைவுக்கு வளைவு காற்று மாறியது. அவர்கள் இரண்டு பேரும் நோன்போடு வந்தார்கள், மரத்தடியில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தோம், வெகு தூரம் நடந்தேன், ஷூ கடிக்கவில்லை. இறங்கி வந்து சாயங்காலம் சூரியன் சாய்வதற்குள் நான் சாப்பிட்டேன், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருந்தார்கள். நான் கை கழுவிக் கொஞ்ச நேரத்தில் சூரியன் விழுந்தது, பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ரஹமத்துன்னிசா பேரீச்சம்பழத்தை எடுத்து, "நீங்க முடிச்சிட்டீங்க, நாங்க ஆரம்பிக்கிறோம்"னு சிரித்தாள். அவர்கள் சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருந்தேன். ஒருவர் சாப்பாடு ஒருவருக்கு ஒத்து வராத அந்த வீட்டில் நான் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு டீச்சரம்மா என் சேலையையும் ரவிக்கையையும் பார்த்து, எவ்வளவு எடுப்பாக உடுத்தியிருக்கிறீர்கள், யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, டெல்லியில் இருக்கிற என் மகள் என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நாலு நாளில் உன் கடிதம். மார்கழியில் வா, மூன்று மாதம் இரு, சுந்தரியை ஸ்கூலுக்கு அனுப்ப ஆள் இல்லை, சுக்குப் பொடி, பிரசவ லேகியம், பழைய பருத்திச் சேலைகள் என்று கொண்டுவர வேண்டியதை எழுதியிருக்கிறாய். சிம்லா என்கிற பேச்சே அதில் இல்லை. உன் மாமியாரை எங்கேயும் கூப்பிட்டதாக எழுதவில்லை, பிரசவத்துக்கு நான்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதைப் படித்த கையோடு நான் இன்னொன்றும் செய்தேன், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் மாமியாருக்கு இரண்டு வாரத்துக்கு மேலாகப் பதில் போடாமல் வைத்திருந்தேன், அன்றைக்குப் போட்டேன். முட்டிவலி இப்போது தேவலை, ஸ்வெட்டர் உங்களுக்குப் பொருந்தியதில் சந்தோஷம் என்று எழுதினேன். நிஜத்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன்னை வயிற்றுப் பிள்ளையோடு உன் மாமியார் முன்னால் தலைகுனிய வைக்க எனக்குக் கை வரவில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் மேல்சித்தாமூர் ஜைன மடத்தில் நான் எடுத்துக்கொண்ட விரதங்களில் பொய் சொல்லாமையும் ஒன்று, அப்பாவிடம்கூட விளையாட்டுக்கு மாற்றிப் பேசாதவள் நான். என் கையெழுத்தில் நான் எழுதிய முதல் பொய் அது. ராத்திரிச் சாப்பாட்டை விட்ட விரதத்தை நீ கேலியாக நினைத்தாலும் பரவாயில்லை, இந்த விரதம் உன்னால் போயிற்று.

அதனால் இப்போது நான் கேட்பது ஒன்றுதான். உன் மாமியாருக்கு நீயே எழுது. அம்மாவுக்கு முட்டிவலி இல்லை, வரச்சொல்லிவிட்டு நான்தான் நிறுத்தினேன், அந்த ஸ்வெட்டர் அம்மா தனக்கென்று பின்ன வைத்தது, என்னைக் காப்பாற்றத்தான் அவள் உங்களுக்கு மாற்றி எழுதினாள் என்று எழுது. அவர் நல்லவர், ஒருநாள் கோபப்படுவார், அப்புறம் உன்னை இன்னும் நம்புவார். எழுதிவிட்டேன் என்று எனக்கு ஒரு கார்டு போடு. மன்னிப்பு எல்லாம் வேண்டாம். நீ எழுதாவிட்டாலும் மார்கழியில் நான் டெல்லிக்கு வருவேன், அதற்காகப் பயப்பட வேண்டாம், குழந்தை என்ன செய்தது. சுந்தரியை ஸ்கூலுக்கு அனுப்புவேன், உனக்குப் பத்தியம் சமைப்பேன், ஐந்தரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் ஹாலில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் பெற்றவளாக வருவதா, பிரசவம் பார்க்கிற ஆளாக வருவதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். நான் எழுதினது எல்லாவற்றையும் படிக்கக் கொடுத்தேன், ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள் என்றேன், பேனாவை வாங்கி மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். இனிமேல் ஸ்கூல் விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டாம் என்று எழுது என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அதையே அவர் வார்த்தையாக வைத்துக்கொள்.

சுந்தரிக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு ஆசிகள். நீ தீர்க்க சுமங்கலியாக இருந்து, உனக்குச் சுகப் பிரசவமாகி, பெற்றதும் பெறப்போவதும் உன்னிடம் எதையும் மறைக்காமல் வளர என் ஆசீர்வாதம். டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே, ஒரு மணி நேரம் கழித்துப் பால் குடி. கார்டு போட மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
சுனந்தா